கேளாத அயலாருக்கு உரிய கடமை

கம்பியில்லாத் தரவுக் கருவி என்பது மழையளவு, மண்ணின் ஈரம், நீர்மட்டம் போன்றவற்றைச் சிறு செய்திகளாக்கி அலைவழியே அனுப்புவதாகும். அதை நிறுவுவோர் அனுப்பும் திறன், வேகம், இடைவெளி ஆகியவற்றை முடிவு செய்கின்றனர். இவை பொறியியல் முடிவுகளாகவே கருதப்படினும், அனைவருக்கும் பொதுவான வெளியில் ஒருவர் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்னும் அறவினா இவற்றுள் அடங்கியுள்ளது.

1929 முதல் 'போ' நிறுவனம் தேயிலை பயிரிட்டுவரும் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, இவ்வினாவை ஆராய ஏற்ற நிலப்பரப்பாகும். இங்கே 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. முகடு ஒன்றின் இருபுறத் தேயிலைச் சரிவுகளிலும் உள்ள இரு கருவிகள், ஒரே அலைவரிசையில், இத்தகைய உச்சியிலுள்ள ஓர் ஏற்பிக்குச் செய்தி அனுப்புவதாகக் கொள்ளலாம். ஏற்பிக்கு இரண்டும் கேட்கும். முகடு மறைப்பதால் ஒன்றுக்கு மற்றொன்று கேட்காது. அனுப்புமுன் அலைவரிசை காலியாக உள்ளதா என்று கேட்டறியும் விதியை இரண்டும் வழுவாமல் பின்பற்றினாலும், செய்திகள் உச்சியில் மோதிச் சிதையும்.

விதியைப் பின்பற்றியவர் மீது பழி உண்டா என்பதற்குச் சைவ சித்தாந்த அளவையியல் வழி காட்டுகிறது. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், காண்டல், கருதல், உரை ஆகியவற்றோடு, காணாமையால் இன்மையை அறியும் அபாவத்தையும் அளவைகளுள் எண்ணி, பின்னர் அனைத்தையும் முதல் மூன்றில் அடக்குகிறது. அபாவம் செல்லுபடியாக வேண்டுமானால், பொருள் இருந்திருந்தால் அது புலப்பட்டிருக்கும் என்னும் தகுதி வேண்டும் என்பது இந்தியத் தருக்க மரபின் நிபந்தனையாகும். முகடு இத்தகுதியைப் பறித்துவிடுவதால், அதன் இருப்பை அறிந்த பின்னர், காதுக்கு எட்டிய அமைதியை அயலார் இல்லாமைக்குச் சான்றாகக் காட்ட எவருக்கும் உரிமையில்லை.

செய்தி தொலையும்போது திறனைக் கூட்டுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஒரே வேளையில் வரும் இரு அலைகளுள் வலியதையே ஏற்பி பெரும்பாலும் பிடித்துக்கொள்வதால், கூட்டியவரின் இழப்பு தீர்ந்து மற்றவரின் செய்தி சுவடின்றி அழிகிறது. அவரும் கூட்டினால் இருவரும் பழைய நிலைக்கே வருவர். வேகத்தைக் குறைப்பதும் விலையின்றி வருவதன்று. லோரா என்னும் கம்பியில்லா முறையில், வேகத்தைக் குறைக்கும் பரவற்காரணியை 7இலிருந்து 12 வரை ஒவ்வொரு படியாக உயர்த்துகையில் மெலிந்த அலையும் எட்டுமெனினும், அதே செய்தி வெளியை அடைத்திருக்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 1971இல் இயங்கத் தொடங்கிய ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹா வலையமைப்பு போல, நினைத்தபோதெல்லாம் அனைவரும் அனுப்பும் முறையில், அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காடே உச்சப் பயன்; அதற்கு மேலும் நெருக்கினால் எல்லோருடைய பங்கும் குறையும்.

2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டு, பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியான இம்மலையில், நீர்மட்டம் கூறும் ஒரு சிறு செய்தியின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. சட்டம் வகுக்கும் திறன் வரம்பு உச்ச எல்லையேயன்றி ஒருவருக்கு உரிய பங்கன்று. செய்தி தவறாமல் சேரப் போதிய திறன், எட்டக்கூடிய மிகு வேகம், இயன்ற அளவு சுருங்கிய செய்தி, இருபுறமும் கேட்கும் ஏற்பியே உரையாக வகுத்துத் தரும் நேரப் பங்கீடு ஆகியவையே அறத்துக்கு இயைந்த அமைப்பாகும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதவரின் பங்கை முதலில் ஒதுக்கிவைத்த பின்னரே ஒருவர் தம் பங்கைக் கணக்கிட வேண்டும்.