கழற்றிய பிறகு வேகன் எங்கே?

லெகோ கட்டைகளால் ரயில் செய்கிறவர்கள் பலருக்கு அமெரிக்காவின் கார் ஏற்றும் வேகன்மேல் தனிப் பிரியம் உண்டு. அசல் வேகன் சுமார் 90 அடி நீளம். உள்ளே இரண்டு அல்லது மூன்று தளங்கள். இரண்டு தளமென்றால் பத்துக் கார், மூன்று தளமென்றால் பதினைந்து கார் வரை ஏறும். 1960-களில் இவை திறந்த சட்டங்களாகத்தான் ஓடின. கல்லெறியும் திருட்டும் பெருகவே, துளையிட்ட எஃகுத் தகடுகளால் சுவரும், மேலே கூரையும் வந்தன.

இதைக் கட்டைகளில் கொண்டுவருவது லேசான வேலை அல்ல. லெகோ கட்டையின் குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மி.மீ. எட்டுக் குமிழ் அகலத்தில் வேகன் செய்தால் அளவு ஏறக்குறைய 1:48 ஆகும். அப்படியானால் நீளம் 57 செ.மீ., அதாவது எழுபது குமிழுக்கும் மேல். ஆனால் லெகோவின் வழக்கமான வளைவுத் தண்டவாளத்தின் ஆரமோ நாற்பதே குமிழ். அதில் திரும்பும்போது இவ்வளவு நீளமான வேகனின் நடுப்பகுதி தடத்தை விட்டு உள்பக்கம் வெகுவாக விலகிவிடும். நீளத்தைக் குறைத்தே தீரவேண்டும். அகலத்திலும் இதே நெருக்கடிதான்: இரு பக்கச் சுவருக்கும் ஒவ்வொரு குமிழ் போனால் உள்ளே மிஞ்சுவது ஆறு. நான்கு குமிழ் அகலக் கார் தாராளமாக நுழையும். 2020 முதல் எட்டுக் குமிழ் அகலத்தில் வரும் லெகோவின் ஸ்பீட் சாம்பியன்ஸ் கார்கள் வாசலிலேயே நின்றுவிடும். எந்தக் காரை ஏற்றப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஒரு சுவரைக்கூட எழுப்ப முடியாது.

இத்தனை பாடுபட்டுச் செய்த வேகனை ஒருநாள் கழற்றுகிறார்கள். அடுத்த மாதம் அதே கட்டைகள் ஒரு பாலமாகவோ நிலையமாகவோ நிற்கின்றன. ஒரு கட்டைகூடத் தொலையவில்லை. அப்படியானால் இல்லாமல் போனது எது?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் ஈராயிரம் ஆண்டு வயது. இந்தோ-கிரேக்க அரசன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்ததாக மிலிந்த பன்ஹா என்ற நூல் சொல்லும் உரையாடல் இதைத்தான் பேசுகிறது. அரசன் தேரில் வந்தவன். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார் நாகசேனர். எதுவும் இல்லை என்கிறான் அரசன். இவற்றுக்கு வெளியே வேறு ஏதாவது தேரா? அதுவும் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர்தான் தேர் என்ற முடிவுக்கு இருவரும் வருகிறார்கள். நாகசேனரின் குறி தேர் அல்ல, மனிதன். ‘நான்’ என்பதும் அப்படியொரு வழக்குப் பெயர்தான், உள்ளே மாறாத ஒன்று உட்கார்ந்திருக்கவில்லை என்பதே அவர் காட்ட விரும்பியது.

தருக்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினர் இதற்கு இணங்கவில்லை. உறுப்புகள் அவயவங்கள், அவை சேர்ந்து உண்டாகும் முழுமை அவயவி. அது அவயவங்களில் தங்கியிருந்தாலும் அவற்றிலிருந்து வேறான மெய்ப்பொருள் என்றார்கள். நியாய சூத்திரம் தரும் சான்றுகளில் ஒன்று எளிமையானது: ஒரு பொருளின் ஒரு பகுதியைப் பிடித்தால் முழுவதும் பிடிபடுகிறது, ஒரு பகுதியை இழுத்தால் முழுவதும் வருகிறது. வெறும் குவியலிடம் இந்தக் குணம் இல்லை.

லெகோ கட்டையின் வரலாறே இந்தப் பிடிப்பின் வரலாறுதான். 1949-ல் டென்மார்க்கின் பில்லுண்டில் வந்த முதல் பிளாஸ்டிக் கட்டைகள் அடியில் வெறும் கூடாக இருந்தன. அடுக்கலாம், ஆனால் உறுதியாக நிற்காது. அடியில் குழல்களை வைத்து அதைச் சரிசெய்த வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் கோட்ஃபிரட் கிர்க் கிறிஸ்டியான்சென். அதன் பிறகுதான் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழு வேகனும் உருண்டு வருவது சாத்தியமாயிற்று.

ஆனால் பிடிப்பு மட்டும் போதுமா? நியாய சூத்திரத்தின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனரே இங்கே தயங்குகிறார். புல், கல், மரத்துண்டு ஆகியவற்றை அரக்கால் ஒட்டிவிட்டால் அவையும் சேர்ந்தே இழுபடும். அதனால் அங்கே புதிய பொருள் ஒன்று பிறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்கிறார். பில்லுண்டில் 1968-ல் திறந்த லெகோலாண்ட் பூங்காவில், வெயிலுக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்கக் கட்டைகளைப் பசையால் ஒட்டியே மாதிரிகளை நிறுத்துகிறார்கள். பசை அவற்றின் ஆயுளைக் கூட்டுகிறது; ஒரு மாதிரியை வேகனாக்குவது பசை அல்ல.

பின் வேகன் ஆக்குவது எது? சைவ சித்தாந்தம் இங்கே கைகொடுக்கிறது. காரியம் காரணத்தில் முன்பே அடங்கியிருக்கிறது என்பது அதன் சற்காரியவாதம். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மூன்றும் கூடினால்தான் குடம் வெளிப்படும். ஒரே நிறத்தில், எட்டுக் குமிழ்களோடு உள்ள ஆறு கட்டைகளை மட்டும் எடுத்தால், அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். ஆறு கட்டைகளுக்குள் தொண்ணூறு கோடிக்கு மேற்பட்ட வடிவங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து வெளியே கொண்டுவருவது கட்டைகள் அல்ல. எதைச் சுமக்க வேண்டும், எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று அறிந்த ஒரு மனம்.

பயன் வடிவத்தை எவ்வளவு தூரம் ஆளும் என்பதற்கு அமெரிக்க ரயில்பாதையிலேயே சான்று இருக்கிறது. 1970-ல் வந்த செவ்ரோலே வேகா என்ற சிறிய காருக்காக ஜெனரல் மோட்டார்ஸும் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனமும் சேர்ந்து ‘வெர்ட்-ஏ-பேக்’ வேகனை உருவாக்கின. கார்கள் மூக்கு கீழே நோக்க, செங்குத்தாகத் தொங்கின. ஒரே வேகனில் முப்பது. அதற்கேற்பக் காரும் மாறியது: எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்காதிருக்க எஞ்சினில் தடுப்பு, அமிலம் சிந்தாதிருக்க பேட்டரியின் மூடிகள் பின்விளிம்பில், கண்ணாடி கழுவும் நீர்க்குப்பி சாய்ந்த நிலையில். காரின் உற்பத்தி 1977-ல் நின்றபோது, அதற்கென்றே பிறந்த வேகன்களுக்கும் வேலை போயிற்று. இரும்பு அப்படியே இருந்தது. அதை வேகனாக வைத்திருந்த தேவை போய்விட்டது.

இதன் மறுபக்கத்தை இந்திய ரயில்வேயில் காணலாம். 1955-ல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் வடிவமைப்பில் உருவான பயணிகள் பெட்டிகள் வயதானதும், அவற்றில் பல கார் ஏற்றும் ‘என்.எம்.ஜி.’ பெட்டிகளாக மாற்றப்படுகின்றன. இருக்கைகளை எடுத்துவிடுகிறார்கள், ஜன்னல்களை அடைக்கிறார்கள், கார் நுழைய முனைகளில் கதவு வைக்கிறார்கள். கூடு அதுவே. ஆனால் மாறியது பெயர் மட்டும் என்றால் அதில் இன்றும் உட்கார்ந்து பயணம் போக முடிய வேண்டும். பழைய முழுமை அழிந்து புதியது தோன்றிவிட்டது என்ற நியாயத்தின் பதிலே இங்கு நடப்புக்கு நெருக்கமாக இருக்கிறது.

நாகசேனர் சொன்னதில் பாதி அசைக்க முடியாதது: கழற்றிய பிறகும் எங்கோ பிழைத்திருக்கும் ‘வேகனின் சாரம்’ என்று ஒன்று இல்லை. ஆனால் நிலைத்திராதது என்பது வேறு, இல்லாதது என்பது வேறு. ஓடிய நாட்களில் அந்த வேகன் உண்மையாகவே இருந்தது. கட்டைகளுக்கிடையே அமைந்த ஒழுங்காக, அது செய்த வேலையாக இருந்தது. இந்த வேறுபாடு மனிதரிடம் வரும்போது எடை கூடுகிறது. இறந்தவர் வெறும் பெயர்தான் என்றால் துக்கம் ஓர் அறியாமை ஆகிவிடும்.

பௌத்த மரபே அப்படிப் பேசவில்லை. குழந்தையைப் பறிகொடுத்து வந்த கிசா கோதமியிடம், உன் பிள்ளை உறுப்புகளின் தொகுதிக்கு இட்ட பெயர் என்று புத்தர் விளக்கம் சொல்லவில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார். வீடு வீடாகப் போன அவள் கேட்டதெல்லாம் மற்றவர்கள் இழந்த அப்பாவையும் அம்மாவையும் பிள்ளைகளையும் பற்றி. நிலையாமையை அவள் அறிந்துகொண்டது, அவர்கள் எல்லாரும் உண்மையாகவே இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொண்ட வீடுகளில்தான்.