பெரட்டுக்குப் போன கால்கள்

காலை ஏழு மணி. பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் இறங்குகிறது, பகல் ஷிப்ட் ஏறுகிறது. தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசை பிடித்து நிற்கின்றன. ரொட்டி சானாய் கடையில் கல் காய்ந்துவிட்டது. வடக்கே, தொழிற்சாலைக் கூரைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலே ஜெராய் மலை நிற்கிறது. தலையில் ஒரு வெள்ளை மேகம், துண்டை முண்டாசாகக் கட்டியது போல. பேருந்தில் நாற்பது பேர். நாற்பது தலையும் போனுக்குள் குனிந்திருக்கிறது.

தம்பி, உன்னைத்தான் கேட்கிறேன். தங்கச்சி, உன்னையும்தான். 1,217 மீட்டர் உயரமுள்ள ஒரு மலை நீ பிறந்த நாளிலிருந்து உன் வீட்டு வாசலில் தெரிகிறது. ஒரே ஒரு தடவையாவது உன் காலால் ஏறி அதன்மேல் நின்றிருக்கிறாயா? காரில் போன கதையைச் சொல்லாதே. குரூணிலிருந்து தார் ரோடு மேலே ரிசார்ட் வரைக்கும் போகிறது, எனக்கும் தெரியும். வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், மேலே மேகி மீ சாப்பிட்டு, நான்கு படம் எடுத்துக்கொண்டு இறங்கினாய். அது உன் அண்ணனின் மைவி கார் ஏறிய மலை. நீ ஏறிய மலை எது?

உனக்கு நம்பிக்கை இல்லை என்று யார் யாரோ மேடை போட்டுச் சொல்கிறார்கள். தன்னம்பிக்கை முகாமுக்கு நானும் போயிருக்கிறேன். குளிரூட்டிய மண்டபம், சிக்கன் பிரியாணி, காது கிழியும் பாட்டு. எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு ‘என்னால் முடியும்’ என்று மூன்று முறை கத்தச் சொன்னார்கள். கத்தினேன். பக்கத்தில் நின்றவர் அழுதேவிட்டார். திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்ததும் அந்தக் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. ஏன் தெரியுமா? வாய் சொன்னது, உடம்பு நம்பவில்லை. உடம்பு லேசில் ஏமாறாது. ‘எப்போ செஞ்சே, காட்டு’ என்று கேட்கும். காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

முதல் தடவை ஜெராய் ஏறப் போனபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. காட்டுப் பாதையில் நாற்பது நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நெஞ்சு அடைத்தது, கண்ணில் பூச்சி பறந்தது, ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். விலை உயர்ந்த காலணி போட்டிருந்தேன், அதுதான் இன்னும் வெட்கம். அறுபது தாண்டிய ஒரு மலாய்க்காரர் கறுப்பு ரப்பர் காலணியோடு என்னைக் கடந்து போனார். நின்று, சிரித்து, ‘பெலான்-பெலான், டிக்’ என்றார். மெதுவா, தம்பி. அவ்வளவுதான். அவர் போய்விட்டார், நான் இறங்கிவிட்டேன்.

அந்தக் கறுப்புக் காலணியை உனக்குத் தெரியும். கம்போங் அடிடாஸ் என்று கேலியாகச் சொல்வோம். முழுக்க ரப்பர், அடியில் முள்முள்ளாகப் பிடிப்பு, சாமான் கடையில் கம்பியில் கோத்துத் தொங்கும். இன்று மலேசிய மலையேறிகள் தேடித்தேடி வாங்குகிற காலணி அது. ஈரக் களிமண்ணில் அதற்கு ஈடு கிடையாது. என் ஆயா அதைத்தான் தன் வாழ்நாள் முழுக்கப் போட்டிருந்தார். விடியாத நேரத்தில் பெரட்டு, ஆள்கணக்கு எடுக்கிற வரிசை. தலையில் கட்டிய விளக்கு, இடுப்பில் உளி. நானூறு, ஐந்நூறு மரம் வெட்டி, மறுபடி ஒவ்வொரு மங்காகப் பாலை ஊற்றி, இரண்டு வாளியும் நிறைந்ததும் காண்டாக் கழி போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு, மேடும் பள்ளமுமான நிரையில் இறங்குவார். மழை விட்ட மறுநாள் அந்தச் சரிவு சோப்பு போட்டது மாதிரி இருக்கும். ஒரு சொட்டுப் பால் சிந்தக்கூடாது. சிந்தினால் எடை குறையும், எடை குறைந்தால் சம்பளம் குறையும்.

அந்த ஆயாவின் காலிலிருந்து வந்த கால் உன்னுடையது. உன் வீட்டிலும் ஓர் ஆயா அப்படி நடந்திருப்பார், விசாரித்துப் பார். மூன்று தலைமுறை சரிவில் நடந்த கால், நாற்காலியில் உட்கார்ந்து ஒரே தலைமுறையில் மறந்துவிடுமா? மறக்காது. எனக்கு மறக்கவில்லை. அடுத்த மாதம் பதினைந்து வெள்ளிக்கு ஒரு ஜோடி கறுப்புக் காலணி வாங்கினேன். மறுபடி ஏறப் போனேன், ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்றேன். நின்றேனே தவிர உட்காரவில்லை. அந்தப் பெரியவர் சொன்ன இரண்டு சொல்லைத் தவிர வேறு பயிற்சி எதுவும் எனக்கு இல்லை.

மேலே என்ன இருக்கிறது என்று கேட்பாய். முதலில் குளிர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வாக்கில் குறையும், கீழே 32 என்றால் உச்சிப் பக்கம் 25. பிறகு மரங்கள் குள்ளமாகின்றன. அடிவாரத்தில் அண்ணாந்து பார்த்த காடு, மேலே போகப்போக உன் தோள் உயரத்துக்கு வந்து நிற்கிறது. ஜெராயின் பாறை இந்தத் தீபகற்பத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று, கேம்பிரியன் காலத்தது, ஐம்பது கோடி ஆண்டுக் கணக்கு. மேலே பெரும்பாலும் குவார்ட்சைட், கடினமான வெள்ளைக் கல். அது உடைந்து மண்ணாவதே அபூர்வம். ஆன மண்ணிலும் சத்து கிடையாது. போதாததற்குக் கடற்காற்று. அங்கே உயர்ந்து வளர வழியில்லாத செடி, இலையைச் சிறிதாக்கிக்கொண்டு தண்டை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பாறை இடுக்கில் குனிந்து பார்த்தேன். குடுவைச் செடி. பெரியோக் கெரா, குரங்குச் சட்டி என்று மலாயில் சொல்வார்கள். சுண்டுவிரல் நீளச் சட்டி, அதன்மேல் ஒரு மூடி, விளிம்பில் எண்ணெய் தடவியது போல் வழுக்கல். உள்ளே ஒரு வாய் தண்ணீர், அதில் மூன்று எறும்பும் பாதி கரைந்த ஒரு பூச்சியும் மிதந்தன. மண் கொடுக்காத சத்தை அது காற்றில் போகிற பூச்சியிடம் வாங்கிக்கொள்கிறது. ‘எனக்கு வாய்ப்பு கொடுக்கவில்லை’ என்று பாட்டுப் படித்துக்கொண்டு திரிந்தவன் நான். அந்தச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தபோது வாயைத் திறக்க முடியவில்லை.

உச்சியின் உச்சி நமக்குக் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ராடாரும் தொலைத்தொடர்புக் கோபுரமும் வேலிக்குப் பின்னால் இருக்கின்றன. உச்சியை ஒட்டி பாடாங் தோக் ஷேக் என்று ஒரு பாறைவெளி உண்டு. முஸ்லிம்கள் மதிக்கிற இடம். அங்கே போய்க் கத்தாதே, பாறையில் பெயர் கிறுக்காதே. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போ. கிடைத்த பாறையில் நின்று பார்த்தாலே போதும். யான் பக்கத்து நெல்வயல் பச்சைப் பாய் விரித்தாற்போல் கடல்வரைக்கும். மெர்போக் ஆறு அலையாத்திக் காட்டுக்குள் பாம்பாக வளைந்து போகிறது. தெற்கே பினாங்கு. வானம் தெளிந்தால் வடக்கே லங்காவி. எங்கோ ஓரத்தில் சுங்கைப் பட்டாணி, அதற்குள் ஒரு கரிப்பொட்டு பாக்கார் ஆராங். உன்னைத் தினமும் பயமுறுத்துகிற தொழிற்சாலை அந்த உயரத்திலிருந்து தீப்பெட்டியளவுகூட இல்லை.

வாட்ஸ்அப்பில் ‘கடாரம் கொண்டான்’ என்று வாள் பிடித்த படம் அனுப்புகிறாயே, அதைப் பற்றியும் பேசலாம். ராஜேந்திர சோழன் படை 1025இல் கடாரம் என்ற இந்த மண்ணுக்கு வந்தது, பட்டப்பெயர் வாங்கிக்கொண்டு போனது. உண்மைதான். ஆனால் அந்தப் படையெடுப்பைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதற்கு வெகு முன்பே இங்கே வந்த மாலுமியும் கல்தச்சனும்தான். கரையோரச் சமவெளியில் தனியாக நிற்கிற இந்த மலையின் தலை, காற்று தெளிந்த நாளில் கணக்குப்படி 120 கிலோமீட்டருக்கு அப்பாலேயே கடலில் தெரியத் தொடங்கும். இலங்கையின் தென்முனையும் ஜெராயும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், ஆறு பாகையை ஒட்டி இருக்கின்றன. வங்கக் கடலை நேர்கிழக்காகத் தாண்டி வந்தவனுக்கு இந்தக் கரையை அடையாளம் காட்டிய மலை இது. எத்தனை நாள் தண்ணீரை மட்டுமே பார்த்த கண் அது! அவன் பார்த்து உயிர் பிடித்துக்கொண்ட மலையை நீ பேருந்து ஜன்னலில்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறாய்.

மெர்போக்கில் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பாக்கார் ஆராங்கிலிருந்து மோட்டாரில் அரைமணி நேரம். ஓடைக்கு மேலே கருங்கல் அடுக்கிய பழங்கோயில், சண்டி புக்கிட் பத்து பகாட், 1960இல் மீட்டெடுத்துக் கட்டியது. பத்து பகாட் என்றால் உளி பட்ட கல். அந்தக் கல்லைத் தொட்டுப் பார். 2013இல் இதே பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண் சண்டியை நிலமேம்பாட்டு வேலையில் இடித்துவிட்டார்கள். செய்தி வந்தபிறகுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. கால் படாத இடத்துக்குக் காவல் ஏது? வாரம் பத்துப் பேர் நடந்து போய்ப் பார்த்திருந்தால், இயந்திரம் வந்த அன்றைக்கே யாராவது ஒருவன் குரல் கொடுத்திருப்பான்.

குரல் கொடுத்தவர்கள் இந்த மலையடிவாரத்தில் இருந்திருக்கிறார்கள். போர் முடிந்த கையோடு, பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படையைக் கட்டினார். பால்மரம் வெட்டுகிறவர்கள் அணிவகுத்து நடந்தார்கள், கள்ளுக்கடை முன்னால் போய் மறித்து நின்றார்கள். 1947இல் பீடோங்கில் போலீசோடு மோதல் வரைக்கும் போனது. வேலை வாங்கும் தண்டல் கண்ணை உருட்டினால் தலைகுனிந்த ஆட்கள், ஒரே ஆண்டில் எப்படி நிமிர்ந்தார்கள்? யாரும் மண்டபத்தில் உட்காரவைத்துக் கத்தச் சொல்லவில்லை. நடந்தார்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் நடந்தார்கள்.

‘நமக்கெல்லாம் மலையேற்றம் எதுக்கு, அது வெள்ளைக்காரன் வேலை’ என்று என் மச்சான் சொல்கிறார். பத்துமலையில் 272 படி ஏறுகிறோம், பினாங்கு தண்ணீர்மலையில் அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு படி, தோளில் காவடியோடு. முருகன் குடியிருக்க மலை வேண்டும் என்று முடிவு செய்த சனம் நாம். மே 23, 1997 அன்று எவரெஸ்ட் உச்சியில் முதல் மலேசியராகக் கால் வைத்தவர் எம். மகேந்திரன், அடுத்து நின்றவர் என். மோகனதாஸ். பனியே விழாத நாட்டுப் பிள்ளைகள். மச்சானிடம் இதைச் சொன்னேன். ‘அப்படியா?’ என்றார். அடுத்த வாரம் என்னோடு வருவதாக இருந்தது, முட்டி வலி என்று சொல்லிவிட்டார். பரவாயில்லை, விடமாட்டேன்.

வீரம் பேசுகிறேன் என்று நினைத்து மழையில் கிளம்பிவிடாதே. 2021 ஆகஸ்ட் 18 ஞாபகம் இருக்கிறதா? மேலே கொட்டிய மழை, பாறையும் மரமுமாக ஆறுகளில் உருண்டு வந்து யான், மெர்போக் பக்கம் ஆறு பேரின் உயிரைக் கொண்டுபோனது. கெப்பாலா ஆயிர் என்கிற அந்தத் திடீர் மலைவெள்ளம் வருவதற்கு முன்னால் ஓடைத் தண்ணீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும். அதைக் கண்டால் ஓடையை விட்டு உடனே மேட்டுக்கு ஏறு. மதியத்துக்குமேல் வானம் கறுத்தால் திரும்பு. நான் இரண்டு தடவை பாதியில் திரும்பியிருக்கிறேன், அதில் ஒரு தடவை நல்ல வெயில் அடித்து என்னைக் கேலி செய்தது. செய்யட்டும். தனியாகப் போகாதே, பாதை தெரிந்தவரோடு போ, வன இலாகாவின் அனுமதி விவரத்தைக் கேட்டுக்கொள், வீட்டில் சொல்லிவிட்டுப் போ.

தங்கச்சி, ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு’ என்று வீட்டில் யாராவது இழுத்தால், அந்தக் காண்டா யார் தோளில் இருந்தது என்று திருப்பிக் கேள். பதில் வராது.

ஷிப்ட், ஓ.டி., தலைவலி என்று எல்லாம் எனக்கும் இருக்கிறது. பாக்கார் ஆராங் என்றாலே கரி சுடுவது. பெயரிலேயே நெருப்பை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிவரைக்கும் போர்வைக்குள் புகைந்துகொண்டிருக்கிறாய். எழுந்திரு. இந்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு, சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டுக்குக் கீழே நிற்பேன். பதினைந்து வெள்ளிக்குக் கறுப்புக் காலணி வாங்கிவிடு, ஓர் எண் பெரிதாகவே எடு, இறங்கும்போது கட்டைவிரல் முட்டும். தண்ணீர் இரண்டு போத்தல். பசியாற நாசி லெமாக் கட்டிக்கொண்டு வா. அட்டைக்கு உப்பு நான் கொண்டுவருகிறேன்.