இரண்டு பக்கமும் ஆள்

லிட்டில் அந்தமான் தீவில் எங்கள் ஊரான ஹட் பேயில் குதிரை கிடையாது. தீவின் காட்டில் மரம் இழுக்க யானைகள் இருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெருமூளை வாதம். குதிரைமேல் உட்காரவைத்து நடத்தும் பயிற்சி இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு உதவுகிறது என்று படித்ததைச் சொன்னேன். அவன் அம்மா கேட்டது ஒன்றுதான்: “விழுந்துட்டா யாரு பிடிப்பாங்க அக்கா?”

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

*

குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைகிறது. நாம் நடக்கையிலும் ஏறக்குறைய அப்படித்தான். நடக்க முடியாத பிள்ளையின் உடம்புக்கு நடையின் தாளம் கிடைக்கிறது. நோயே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

*

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்கு 1944இல் போலியோ வந்தது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார், 1956இல் மறுபடியும். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. அந்தப் பதக்கங்களைவிட அந்த ஆட்களைப் பற்றியே எனக்கு அதிகம் நினைக்கத் தோன்றுகிறது.

*

இந்தப் பயிற்சியில் ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துவார். பிள்ளையின் இருபுறமும் ஒவ்வொருவர். கையைத் தொடைமேல் குறுக்காக வைத்துச் சேணத்தின் முன்விளிம்பைப் பிடித்தபடி கூடவே நடப்பார்கள். பயிற்சியாளர் தனியாக நின்று கவனிப்பார். சாயாமல் உட்காரப் பழகாத ஒரு பிள்ளைக்கு நான்கு பெரியவர்கள். இது வீண்செலவு அல்ல. தொடைமேல் அந்தக் கை இருப்பதால்தான் பிள்ளை பயத்தில் விறைக்காமல் உட்காருகிறது. விறைத்த உடம்பில் குதிரையின் அசைவு இறங்காது.

ஏற ஒரு மேடை, அதற்குச் சக்கர நாற்காலி போகும் சாய்தளம். அங்கவடியின் ஒரு பக்கம் இரும்புக்குப் பதில் ரப்பர் வளையம். பிள்ளை விழுந்தால் வளையம் கழன்று காலை விட்டுவிடும். குதிரையேற்றத்துக்கென்றே செய்த தலைக்கவசம். பைக் ஹெல்மெட்டின் கனத்தை வலுவில்லாத கழுத்து தாங்காது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேலிரண்டு எலும்புகளுக்கு இடையிலான மூட்டு உறுதியாக இருக்காது. மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அவர்களை ஏற்றவே கூடாது.

குதிரை மிரண்டு அடங்காவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பிள்ளையை அணைத்து இறக்க வேண்டும். முன்னே நிற்பவர் குதிரையை அப்பால் கொண்டுபோக வேண்டும். இதை மிரளாத நாளிலேயே ஒத்திகை பார்க்கிறார்கள்.

*

இங்கே எங்கள் மேடை ஜெட்டிதான். பெரிய மருத்துவத்துக்குப் போர்ட் பிளேருக்கு, இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, கப்பலேற வேண்டும். அலை இருந்தால் ஏணி ஆடும். அப்பா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார். பின்னால் வருகிறவர், தமிழரோ வங்காளியோ நிக்கோபாரியோ, கேட்காமலே முதுகைத் தாங்குவார். நல்ல மனசுக்குக் குறைவில்லை. எங்கே பிடிப்பது என்றுதான் யாரும் சொல்லித்தரவில்லை. இத்தனைக்கும், மாற்றுத்திறனாளிகளுக்குப் போக்குவரத்தில் தடையில்லாத வசதி வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது.

நான்கு பேர் கதையைச் சொன்னதும் அவன் அம்மா விரல்விட்டு எண்ணினாள். “அவரு, நான், நீங்க... நாலாவதுக்கு எங்க தம்பியக் கூப்பிடுறேன்.” கப்பலுக்கு முந்தின நாள் வீட்டுத் திண்ணைப் படியில் தூக்கிப் பழகுவதென்று முடிவு. அதற்கு முன் இயன்முறை மருத்துவரிடம் அவனைக் காட்டி, அக்குளிலா தொடைக்கு அடியிலா, கை எங்கே போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.