நாணயத்தில் நாணயம்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இரு பொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம். சொல்லிலும் செயலிலும் பிறழாத நேர்மையும் நாணயம். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், காசு என்பது அடிப்படையில் ஒரு வாக்குறுதி என்பதை உணர்ந்திருந்தனர் போலும். அவ்வாக்குறுதியைக் காக்கும் கடமை யாருக்கு உண்டு, அது எதுவரை செல்லும் என்பதே இங்கு நாம் சிந்திக்கப் புகும் வினா.

பழைய வெள்ளி ரூபாய்களைச் சேர்ப்போர் முதலில் நோக்குவது அரசரின் முகத்தை அன்று. அக்காசு பிறந்த அக்கசாலையைக் காட்டும் சிறு குறியையே. தூத்துக்குடியை அடுத்த கொற்கையில், முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகத்தில், அக்கசாலை என்னும் பெயர் கோயிற் பெயராக இன்றும் நிலைத்திருக்கிறது. முத்து விளைந்த கரையிலேயே காசும் அடிக்கப்பட்டது என்பதற்கு அப்பெயரே சான்று.

இஸ்லாமிய உலகில் கலீஃபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 79-இல் (கி.பி. 698) திர்ஹங்களைச் சீர்திருத்தியபோது, அடித்த ஊரும் ஆண்டும் காசின் மீதே எழுத்தில் பொறிக்கப்பட்டன. 'இன்ன ஊரில், இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டேன்' என்று காசே சாட்சி சொல்லும் ஏற்பாடு அது.

ஆனால் சாட்சி எப்போதும் உண்மையே பேசியதா? ஆற்காட்டு ரூபாயைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் அதனைச் சென்னையில் அடித்தனர்; காசிலோ 'ஆற்காடு' என்றிருந்தது. 1759-இல் மாண்ட இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டையும் 19-ஆம் நூற்றாண்டிலும் அப்படியே பொறித்து வந்தனர். ஊரும் உண்மையன்று, ஆண்டும் உண்மையன்று, அரசரும் உயிரோடில்லை. ஆயினும் ஓரத்தில் இருந்த சிறு தாமரை 'இது சென்னைக் காசு' என்றது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்ததில் பிறை இருந்தது. சராப்புக் கடைக்காரர் எழுத்தை நம்பவில்லை. குறியையும் எடையையும் நம்பினர்.

விக்டோரியா ரூபாயிலும் இதே புதுமை உண்டு. 1862-க்குப் பின் பல ஆண்டுகள் அடித்த காசுகளிலும் 1862 என்றே ஆண்டு நின்றது. பம்பாய் அக்கசாலை, அடித்த காலத்தை உணர்த்தச் சிறு புள்ளிகளை இட்டது. 1874 முதல் உண்மையான ஆண்டு பொறிக்கப்படலாயிற்று. இன்றும் மும்பைக் காசுக்கு வைர வடிவம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கல்கத்தாவுக்கோ குறியின்மையே குறி.

ஆற்காட்டு ரூபாய் பொய்யா? இல்லை என்பதே நம் கருத்து. அதன் எழுத்து வழக்கமாகிப் போனதைக் கடைத்தெரு அறிந்திருந்தது; எவரும் ஏமாறவில்லை. நல்ல வெள்ளிக் காசின் மீது இல்லாத குறியைச் செதுக்கி, உள்ள ஆண்டைச் சுரண்டி, அரிய காசென்று விற்பவன் செய்வதே பொய். அங்கே வெள்ளி உண்மை, சாட்சி பொய். ஏமாறும் ஒருவன் இருக்கிறான் என்பதால் அது பாவமாகிறது.

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. எளிய குடும்பத்துப் பெண் ஒருவர், பாட்டனார் காலத்து ரூபாய்களை விற்க வருகிறார் என்று கொள்வோம். அவை ஒரு தோலா எடை கொண்டவை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அவருக்குத் தெரிந்தது எடை மட்டுமே. வாங்குபவரோ அவற்றுள் 1939-ஆம் ஆண்டுப் பம்பாய் ரூபாய் ஒன்றைக் காண்கிறார்; அது மிக அரியது என்பதையும் அறிவார். வெள்ளி விலையைக் கொடுத்துவிட்டு மௌனமாக இருக்கலாமா?

நம் கடற்கரையின் முத்துக்குளிப்பு இங்கே துணைக்கு வருகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890-இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றியும் எழுதினார். அதே ஆண்டில் கம்பெனியாரின் காசுகளைப் பற்றியும் நூல் வெளியிட்டார். 1961-உடன் நின்றுபோன அக்குளிப்பில், சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டா என்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். காணாப் பொருளின் விற்பனையை மார்க்க அறிஞர்கள் கேள்விக்குள்ளாக்குவர். அது தனி விவாதம். எனினும் அங்கே அறியாமை இருவருக்கும் சமம். காசு விற்பனையில் அறியாமை ஒருவருக்கு மட்டுமே. சிப்பி ஒருவர் கண்ணுக்கு மட்டும் திறந்திருக்கிறது.

'நான் பல்லாண்டு கற்ற அறிவுக்குக் கூலி வேண்டாமா?' என்று சேகரிப்பாளர் கேட்பார். நியாயமான கேள்வியே. அறிவும் உழைப்புதான், இலாபம் ஹலாலானதுதான். விலையை விசாரித்தறியும் வசதியுள்ள வியாபாரியிடம் வாங்கும்போது மௌனத்தின் குற்றம் இலேசானது. ஆனால், சந்தை நிலவரம் அறியாது சரக்குடன் வருவோரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அத்தடையின் உட்பொருள் என்ன? அடுத்தவரின் அறியாமையை நம் முதலாக்கக் கூடாது என்பதன்றோ!

நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்திற்குப் பேசப்பட்டது. குதிரை அதனினும் உயர்ந்தது என்று கண்ட அன்னார், விற்றவரிடம் தாமே விலையை ஏற்றிக்கொண்டுபோய் 800 கொடுத்ததாக வரலாறு கூறும். எல்லாரும் அவ்வுயரத்தை எட்ட வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. 'இது எடைக்கு விற்கும் காசன்று' என்னும் ஒரு சொல் போதும். அதைச் சொன்ன பின் நியாயமான இலாபம் வைத்து வாங்குவதில் தடையில்லை. 'இது என்ன பெறும்?' என்று அப்பெண் வாய்திறந்து கேட்டுவிட்டாலோ, உண்மையை மறைக்கும் உரிமையே நமக்கில்லை. கேள்வி அமானிதமாக நம் கையில் வந்துவிட்டது.

அக்கசாலையின் குறி, காசை அடித்தவர் யார் என்பதைச் சொல்லும். அதனை வாங்கியவர் யார் என்பதைச் சொல்லும் குறி காசில் இல்லை. அது வாங்கியவரின் உள்ளத்தில் பதிகிறது. கடைத்தெருவின் உரைகல்லுக்கு அது எட்டாது. மறுமையின் தராசுக்கு எட்டும்.