பெட்டிக்குள் இருந்தவள் என்ன செய்தாள்?

மேஜிக் ஷோவில் ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் படுக்கவைத்து ரம்பத்தால் அறுப்பதை நாம் எல்லோருமே எங்காவது பார்த்திருப்போம். நேரில் இல்லையென்றால் தொலைக்காட்சியில், அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு சினிமாவில். கோட்டு சூட்டில் வித்தைக்காரர் நிற்பார். பளபளக்கும் உடையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து படுப்பாள். அறுப்பார். ஒட்டுவார். அவள் எழுந்து கையசைப்பாள். நாம் கை தட்டுவோம். யாருக்கு?

இது நாம் நினைப்பது போல அவ்வளவு பழைய வித்தை இல்லை. 1921 ஜனவரி 17 அன்று லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் பி.டி. செல்பிட் என்பவர் இதைப் பொதுமக்கள் முன் நடத்திக் காட்டினார். அறுக்கப்பட்ட உதவியாளர் பெயர் பெட்டி பார்க்கர். (ஆமாம், பெயரே பெட்டிதான்!) அவரது கழுத்திலும் மணிக்கட்டுகளிலும் கணுக்கால்களிலும் கயிறு கட்டி, கயிற்றின் நுனிகளைப் பார்வையாளர்கள் கையில் கொடுத்து, பெட்டியை மூடி அறுத்தார் செல்பிட். கூட்டம் அலைமோதியது. அரங்க வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்தினார். ரத்தம் போன்ற சிவப்பு நீரை வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றவைத்தார். எல்லாம் விளம்பரம்தான்.

அது எந்தக் காலம் என்று பாருங்கள். முதல் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். 1918இல்தான் பிரிட்டனில் முப்பது வயதைக் கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை கிடைத்திருந்தது. அந்த உரிமைக்காகச் சிறை சென்றவர்களில் ஒருவரான கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் அரசியல் சாராத வேலை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். வாரம் 20 பவுண்டு தருகிறேன், வந்து பெட்டிக்குள் படுங்கள் என்று அவரை அழைத்தார் செல்பிட். அவர் மறுத்துவிட்டார். இதுவும் விளம்பரம்தான். ஆனால் எந்தப் பெண்ணை அறுத்தால் எந்தக் கூட்டம் வரும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

பெண்ணின் உடல் சிறியது, வளையக்கூடியது, பெட்டிக்குள் அடங்கும், அதனால்தான் பெண் என்பார்கள். அதே 1921இல் நியூயார்க்கில் ஹொரேஸ் கோல்டின் தன் வடிவத்தை முதலில் காட்டியபோது அறுத்தது ஓர் ஆணைத்தான். வித்தை நடக்கத்தான் செய்தது. ஆனாலும் அடுத்தடுத்த மேடைகளில் பெட்டிக்குள் பெண் வந்துவிட்டாள். சந்தைக்கு அவள்தான் தேவைப்பட்டாள்.

சரி, இதில் என்ன தவறு? யாருக்கும் காயமில்லை. அவளும் விரும்பித்தான் வருகிறாள், கூலி வாங்குகிறாள். ஏமாற்றுகிறார்களே என்றால், அது நாம் டிக்கெட் வாங்கி ஒப்புக்கொண்ட ஏமாற்று. “உன்னை ஏமாற்றப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு ஏமாற்றுபவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. இந்த வாதத்தை நானும் ஏற்கிறேன். வித்தையின் ரகசியத்தைக் காப்பது அந்தத் தொழிலின் நேர்மை.

ஆனால் மேடையில் நடப்பது ஒரே ஓர் ஏமாற்று இல்லை, இரண்டு. அறுக்கப்படாதவளை அறுக்கப்பட்டதாகக் காட்டுவது முதலாவது. அதற்கு நாம் சம்மதித்திருக்கிறோம். உழைப்பவளை, சும்மா படுத்திருப்பவளாகக் காட்டுவது இரண்டாவது. அதற்கு யார் சம்மதம் கேட்டார்கள்? இது போன்ற பல வித்தைகளில் உண்மையான வேலை பெட்டிக்குள்தான் நடக்கிறது. உடம்பை மடக்குவது, மூச்சை அடக்குவது, நொடிக் கணக்கில் நகர்வது, வெளியே வரும்போது வியர்வை தெரியாமல் சிரிப்பது எல்லாம் அவள் வேலை. வெளியே நிற்பவர் பல நேரங்களில் கைவீசி நம் கண்ணைத் திசைதிருப்புகிறார், அவ்வளவுதான்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. அவள் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதால்தான் அவளைக் கவனிப்பதில்லை. நம்முடைய அந்த அலட்சியம்தான் வித்தையின் சாவி. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது நாம்.

1956 ஏப்ரலில் பி.சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியில் பதினேழு வயது தீப்தி தேயை மின்சார வட்ட ரம்பத்தால் அறுத்தார். அவர் கண் திறப்பதற்குள் நிகழ்ச்சி சட்டென்று முடிந்துவிட்டது. பெண் செத்துவிட்டாளோ என்று பதறியவர்களின் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. சர்க்காரின் புகழ் உயர்ந்தது. அசையாமல் கிடந்து அத்தனை பேரையும் நம்பவைத்த தீப்தி தேயின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெட்டியைவிட்டு வெளியே வந்தவர்களும் உண்டு. அடிலெய்ட் ஹெர்மன் தன் கணவர் அலெக்சாண்டரின் மேடையில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர். 1896 டிசம்பரில் கணவர் இறந்தார். அடுத்த மாதமே நியூயார்க் மேடையில், சுடப்படும் துப்பாக்கிக் குண்டுகளைப் பிடிக்கும் ஆபத்தான வித்தையைத் தானே செய்து காட்டினார். எழுபது வயதைக் கடந்தும் ஆடினார். ஒரு மாதத்தில் யாரும் மேதையாகிவிட முடியாது. அதற்கு முன்பே அந்தக் கைகளுக்கு வித்தை தெரிந்திருந்தது. பெயர்தான் வேறொருவருடையதாக இருந்தது.

1905இல் லண்டனில் தொடங்கிய ‘மேஜிக் சர்க்கிள்’ சங்கம் 1991 வரை பெண்களை உறுப்பினராக்கவில்லை. அந்த ஆண்டு சோஃபி லாயிட் என்ற நடிகை விக், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ‘ரேமண்ட்’ என்ற இளைஞனாகத் தேர்வெழுதப் போனார். கையுறையோடு கைவித்தை செய்வது எவ்வளவு கடினம்! தேர்ச்சியும் பெற்றார். சங்கம் பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது உண்மையைச் சொன்னார். ஏமாற்றிவிட்டார் என்று அவரை நீக்கினார்கள். ஏமாற்றுவதைக் கலையாகப் போற்றும் சங்கம்! 2025இல் வருத்தம் தெரிவித்து மீண்டும் சேர்த்துக்கொண்டது. இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் போயிருந்தன.

ரகசியத்தை உடைக்கச் சொல்லவில்லை. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை மறைத்துக்கொள்ளட்டும். யார் வேலை செய்கிறார் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு மறைப்பு பார்ப்பவர்களின் வியப்புக்காகவா, ஒருவருடைய புகழுக்காகவா என்று கேட்டாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். மேடைக்கு மட்டுமல்ல, சமைத்த கை தெரியாமல் சாப்பாடு வந்து சேரும் மேசைக்கும் இதே கேள்விதான்.

அடுத்த முறை ஒரு மேஜிக் ஷோவுக்குப் போனால், அவர் கையை வீசும்போது அவளைப் பாருங்கள். முடிந்ததும் அவள் பெயரைக் கேளுங்கள்.