சேற்றின் பழி யாருக்கு?

கண்டிக்கு அருகே மகாவலி ஆற்றை மறித்து 1976இல் திறக்கப்பட்டது பொல்கொல்லை நீர்த்தேக்கம். பன்னிரண்டே ஆண்டுகளில் அதன் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கும் மேல் வண்டல் அடைத்துக்கொண்டது. அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று அறிவியல் சொல்லிவிடும். அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி பழைய சமய வாதங்களிடம் நம்மைக் கொண்டுபோகிறது.

முதல் கேள்விக்கு மண்ணே சாட்சி. 1950, 60களில் வானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 மழையோடு இறங்கி, மேல்மண்ணின் களித்துகள்களில் ஒட்டிக்கொண்டது. ஏரிச் சேற்றில் அது மிகுந்திருந்தால் கரைந்தது நிலத்தின் மேற்பரப்பு. மிகக் குறைந்திருந்தால் இடிந்தது ஓடைக்கரை அல்லது சாலைக்காக வெட்டிய சரிவு. மேல் மகாவலியில் ஆய்வாளர்கள் அளந்தது, நீண்டகால அரிப்பின் வேகத்தைக் காட்டும், குவார்ட்ஸ் மணலில் சேரும் பெரிலியம்-10ஐ. 2003இல் வெளியான அவர்கள் கணக்குப்படி, அந்த மலை இயற்கையாக இழப்பது ஆண்டுக்குச் சதுர கிலோமீட்டருக்கு 13 முதல் 30 டன். அப்போது ஆறுகள் சுமந்துவந்தது 130 முதல் 2,100 டன்.

காடு போனது காப்பிக்காக, பிறகு தேயிலைக்காக. தோட்டத்தில் ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்பது துரைமாரின் கட்டளை. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் சரிவில் குனிந்து, புல்லை வேரோடு சுரண்டி எடுத்தார்கள். சொன்ன வேலையை முடித்தால்தான் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி. மழை பெய்தால் கானெல்லாம், அதாவது வடிகாலெல்லாம், செந்நீர்.

அவர்கள் செய்தது பாவமா?

பௌத்த நூலான மச்சிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில் இதற்கு நெருங்கிய ஒரு வாதம் வருகிறது. நாளந்தாவின் மாந்தோப்பு ஒன்றில் தங்கியிருந்த புத்தரிடம், சமண இல்லறத்தாரான உபாலி, உடலால் செய்யும் வினையே கொடியது என்று வாதிட வருகிறார். உயிர்க்கொலைக்கு அஞ்சும் துறவி நடக்கும்போதும் காலடியில் சிற்றுயிர்கள் மடிகின்றனவே, அதற்கு என்ன பலன் என்று புத்தர் கேட்கிறார். எண்ணமின்றி நடந்தது பெரும்பழி ஆகாது என்கிறார் உபாலி. எண்ணம் இருந்தால்? பெரும்பழிதான். அந்தப் பதிலிலேயே அவருடைய வாதம் தளர்ந்துவிடுகிறது.

இப்படிப் பார்த்தால் புல் சுரண்டிய தொழிலாளிமேல் பழியில்லை. ஆனால் தெரியாமல் நடந்தது என்ற சாக்கு கட்டளையிட்டவர்களுக்குச் செல்லாது. இலங்கையில் மண்ணரிப்பை ஆராய்ந்த அரசுக் குழு 1931இலேயே அறிக்கை தந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தெரிந்த பின்னும் தொடர்ந்ததை மனமறிந்த வினையென்றே சொல்ல வேண்டும்.

பழியைப் பிரித்துவிட்டாலும் வண்டல் அணையில்தான் கிடக்கிறது. மேலே சரிவில் காய்கறியும் உருளைக்கிழங்கும் பயிராகின்றன. கற்கட்டு எழுப்ப அந்த விவசாயியிடம் காசில்லை. அவருக்கு நோட்டீஸ் அனுப்பும் முன், தேயிலையில் லாபம் பார்த்தவர்களும் மகாவலி மின்சாரத்தை அனுபவிப்பவர்களும் அந்தக் கற்கட்டுக்கும் கான் வெட்டுக்கும் பணம் தரட்டும்.