தொண்டையில் தொடங்கும் இதயநோய்

இதயநோய் என்றதும் நமக்கு ஐம்பது வயதுக்காரரும் சர்க்கரையும் ஆஞ்சியோவும்தான் நினைவுக்கு வருகின்றன. அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவு வரிசையில் வேறு முகங்களும் உண்டு: நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் பள்ளிப் பெண், நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் இரவில் கண்ணயர முடிகிற இளந்தாய். இவர்களில் பலருக்கு நோய் வந்த வழி தொண்டை.

5 முதல் 15 வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை புண்ணாகிறது. கஷாயம் குடித்து நாலு நாளில் ஆறிவிடும். சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கும், அது வடிந்ததும் கணுக்கால், பிறகு முழங்கை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பாற்றல் சொந்தத் திசுக்களையே தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் இது. மூட்டு முழுசாகக் குணமாகிவிடும். இதயத்தின் மைட்ரல் வால்வு அப்படியில்லை. காய்ச்சல் திரும்பத் திரும்ப வர, அதன் இதழ்கள் தடித்து ஓரங்கள் ஒட்டிக்கொள்கின்றன. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வால்வு, ஒன்றரைக்கும் கீழே சுருங்கிவிடுகிறது.

நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பை இதய முனையில் அழுத்தாமல் வைத்தால், சுருங்கிய வால்வின் ஒலி தாழ்ந்த உறுமலாகக் கேட்கும். பரபரப்பான ஓ.பி.யில் அது எளிதாகத் தவறிப்போகும். எக்கோ ஸ்கேன் தவறவிடாது, ஆனால் நோய் அதிகமுள்ள ஏழை ஊர்களில் எக்கோ எளிதில் கிடைப்பதில்லை.

சுருங்கிய வால்வைத் திறக்க வழி இருக்கிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் கஞ்சி இனோவே 1984-இல் வெளியிட்ட முறைப்படி, தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியே பலூனை ஏற்றிச் சில நொடிகள் விரித்தால் ஒட்டிய ஓரங்கள் பிரிகின்றன. வால்வு அதற்கும் மேல் கெட்டுப்போயிருந்தால் செயற்கை வால்வு. திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. உலோக வால்வு வைத்தவர் ஆயுளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். கர்ப்பமானால் அந்த மாத்திரை கருவைப் பாதிக்கலாம். நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, அதைச் சாதனை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால், முதல் காய்ச்சலோடு இந்த நோயை நிறுத்த மூன்று வாரத்துக்கு ஒரு பென்சாதின் பென்சிலின் ஊசி போதும். பால் போன்ற கெட்டியான மருந்து. கொஞ்சம் தாமதித்தால் ஊசிமுனை அடைத்துக்கொள்ளும். போட்ட இடம் இரண்டு நாள் வலிக்கும். ஒவ்வாமைக்குப் பயந்து பல சிறு கிளினிக்குகள் போட மறுக்கின்றன. லாபம் குறைந்த பழைய மருந்து என்பதால் உலகெங்கும் அவ்வப்போது தட்டுப்பாடு வேறு. ஓடியாடும் பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று வீட்டிலும் நிறுத்திவிடுகிறார்கள். பல வருடங்களுக்கு, சிலருக்கு நாற்பது வயது வரைகூட, போட வேண்டிய ஊசி இது.

பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு வந்ததும் ஊசி அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடும். சுருங்கிய வால்வு அதைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும்போதுதான் பல புகுந்த வீடுகளுக்கு விஷயமே தெரிகிறது. தவறிய தேதியைப் பார்த்து வீட்டுக்குப் போன் போட ஒரு செவிலியரும், கர்ப்பத்தைப் பதியும் அன்றே, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவரும் இருந்தால், அவளுக்கு முன்கூட்டியே எக்கோ எடுத்துவிடலாம்.